பேதுருவுக்கு நாலு கால்

மார்ச் 6, செவ்வாய்

பள்ளிக்கூடச் சுவர் இன்றும் முடியவில்லை. மூன்று நாளாக மழை, பூச்சு காயவே மாட்டேன் என்கிறது. தலைமையாசிரியை வந்து வந்து விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு என்னை முறைக்கிறார். என்னை முறைத்தால் சுவர் காய்ந்துவிடுமா?

சாயங்காலம், திருநாளில் பேதுருவைச் சுமக்கும் வன்னியைப் பார்க்கப் போனேன். மூட்டு ஆபரேஷன் ஆகி, காலை ஸ்டூல்மேல் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "இனிமே பேதுருவத் தூக்கினா இந்தக் காலை மறந்துடணும்னு டாக்டர் சொல்லிட்டாருப்பா" என்றார். வருத்தப்படுகிற முகத்தை வைத்துக்கொண்டேன். வெளியே வந்து படியிலேயே நின்று சிரித்தேன். பாவம்தான். நாளை சாம்பல் புதன். நெற்றியில் சாம்பல் பூசும்போது ஞாபகம் வரட்டும் என்று இங்கே எழுதி வைக்கிறேன்.

எனக்கும் நாற்பத்தாறு ஆகிறது. இருபத்திரண்டு வருஷமாக மத்தியாவைச் சுமக்கிறேன். உயிர்ப்பு ஞாயிறன்று பன்னிரண்டு அப்போஸ்தலர்களும் சதுக்கத்துக்கு வருவார்கள். ஒவ்வொருவரும் இரண்டு ஆள் உயரம், காகிதக்கூழில் செய்த தலை, மரச்சட்டத்தில் உடம்பு, கணுக்கால்வரை அங்கி, அங்கிக்குள்ளே எங்களைப் போல ஒரு மடையன். பேதுரு மூன்று தடவை ஓடுவார், உயிர்த்த ஆண்டவர் சிலையிலிருந்து கறுப்புப் போர்வையில் நிற்கும் மாதா சிலைவரை, சேதி சொல்ல. முதல் இரண்டு ஓட்டத்துக்கு மாதா நம்ப மாட்டாள். மூன்றாவதில் போர்வை விழும், மணி அடிக்கும், ஊரே அழும். மத்தியா என்ன செய்வார்? நிற்பார். வரிசையில் கடைசியாக, கையில் கோடாலியோடு. சின்னப் பிள்ளைகள் 'கசாப்புக்கடைக்காரர்' என்று கத்துவார்கள். இருபத்திரண்டு வருஷமாக நான் கசாப்புக்கடைக்காரன்.

இந்த வருஷம் பேதுரு எனக்குத்தான். வேறு யார் இருக்கிறார்கள்?

மார்ச் 11, ஞாயிறு

இருக்கிறான். சாரோ இருக்கிறான்!

பத்தொன்பது வருஷம் ஜெர்மனியில் கார் செய்துவிட்டுப் போன இலையுதிர் காலத்தில்தான் ஊர் திரும்பினான். என் பெண்டாட்டி மிம்மாவின் பெரியப்பா மகன், எனக்கு மச்சான் முறை. சின்ன வயதில் ஒரே பெஞ்சு. பூசை முடிந்து சபைக் கூடத்தில் தலைவர் ஜெலார்தோ பேதுருவுக்கு யார் யார் என்று கேட்டார். நான் கையைத் தூக்கினேன். பின்னால் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். அவனும் தூக்கியிருக்கிறான், அந்த ஜெர்மன் கோட்டோடு.

"அவன் ஊர்லயே இல்லையே" என்றேன்.

"ஊரை விட்டுப் போறதுக்கு முன்னாடி ரெண்டு வருஷம் அந்திரேயாவைத் தூக்கினான்ல? சபைப் புத்தகத்துல பேர் இருக்கு" என்றார் ஜெலார்தோ.

ஆக, இரண்டு பேர் நின்றால் வழக்கப்படி சூசையப்பர் திருநாளன்று ரொட்டி பிய்த்துத் தீர்க்க வேண்டும். வீட்டுக்கு வந்து மிம்மாவிடம் கத்தினேன். அவள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே, "என்கிட்ட ஏன் கத்துற? நானா கையைத் தூக்கினேன்?" என்றாள்.

மார்ச் 19, திங்கள்

அவனுக்கு விழுந்துவிட்டது.

ஒரே அளவில் இரண்டு ரொட்டி. ஒன்றுக்குள் ஒரு காய்ந்த மொச்சை, அது வந்தவனுக்குப் பேதுரு. மிம்மா ரொட்டி அடுப்பில் வேலை செய்வதால் இந்த ரொட்டியை எப்போதும் அவள்தான் பிசைந்து சுடுகிறாள். சாமியார் துணியைப் போட்டு மூடித் தட்டைச் சுற்றிவிடுவார். மூத்தவன் முதலில் எடுப்பான். சாரோ என்னைவிட நாலு மாதம் மூத்தவன். நாலு மாதம்! எடுத்தான், பிய்த்தான், மொச்சை தரையில் விழுந்து உருண்டது. எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். இந்தக் கையை என்ன செய்யலாம்?

தோற்றவன் தன் ரொட்டியை அங்கே பிய்க்கக் கூடாது. வீட்டுக்குக் கொண்டுபோய் உயிர்ப்புத் திருநாள்வரை வைத்திருந்து அப்புறம்தான் உடைக்க வேண்டும். பொறாமை ஆறட்டும் என்று பெரியவர்கள் வைத்த வழக்கமாம். சதுக்கம் முழுக்க அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தேன். பார்த்தவர்களெல்லாம் "பரவால்ல லிபோரியோ" என்றார்கள். மருந்துக்கடைக்காரர் இரண்டு தடவை சொன்னார்.

மார்ச் 20, செவ்வாய்

ரொட்டி அலமாரிமேல் உட்கார்ந்து என்னையே பார்க்கிறது.

மார்ச் 25, ஞாயிறு

சாமியாருக்குப் புது யோசனை. தவக்கால வெள்ளிக்கிழமைகளில் ஒவ்வொருவரும் தான் சுமக்கும் அப்போஸ்தலரின் வாழ்க்கையையும் அழைப்பையும் பற்றிக் கோயிலில் ஒரு பக்கம் படிக்க வேண்டுமாம். என் முறை ஏப்ரல் 13.

"சாமி, மத்தியாவைப் பத்தி என்ன இருக்கு?"

"தேடிப் பாருப்பா. தேடுறதுலதான் இருக்கு."

அவருக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விட்டார். பேதுருவைப் பற்றி எழுத வேண்டுமென்றால் ஒரு மூட்டை கதை இருக்கிறது. வலை, படகு, சேவல், தண்ணீர்மேல் நடந்து முங்கியது, எல்லாம் இருக்கிறது. சாரோ யாரையும் கேட்டு எழுதக்கூட வேண்டாம்.

மார்ச் 28, புதன்

சாமியார் கொடுத்த தடிப் புத்தகத்தில் தேடினேன். மத்தியாவுக்கு அரைப் பக்கம். அதிலும் பாதி 'என்றும் சொல்வர்'. எத்தியோப்பியாவுக்குப் போனார் என்றும் சொல்வர், போகவில்லை என்றும் சொல்வர். கல்லால் அடித்தார்கள் என்றும் சொல்வர், கோடாலியால் வெட்டினார்கள் என்றும் சொல்வர். நிச்சயமாகத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். யூதாஸ் போன பிறகு பன்னிரண்டில் ஓர் இடம் காலி. ஆரம்பத்திலிருந்து கடைசிவரை நம்மோடு கூடவே வந்த ஒருத்தன்தான் வேண்டும் என்று பேதுரு சொல்கிறார். இரண்டு பேரை நிறுத்துகிறார்கள். ஒருவன் யோசேப்பு, பர்சபா என்றும் யுஸ்து என்றும் அவனுக்குப் பெயர். இன்னொருவன் மத்தியா. சீட்டுப் போடுகிறார்கள். மத்தியாவுக்கு விழுகிறது. அதோடு முடிந்தது. அப்புறம் அவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இந்த ஆளுக்காகவா என் தோள்பட்டை போயிற்று?

அழைப்பு என்று எழுதச் சொல்கிறார் சாமியார். என்ன அழைப்பு? மற்றவர்களை ஆண்டவர் வலையை விட்டு வா, சுங்கச் சாவடியை விட்டு வா என்று பேர் சொல்லிக் கூப்பிட்டார். இவரை யாரும் கூப்பிடவில்லை. கூடவே நடந்திருக்கிறார், அவ்வளவுதான்.

'கூடவே வந்த ஒருத்தன்.' இதை மட்டும் இரண்டு தடவை அடிக்கோடு போட்டேன்.

மார்ச் 31, சனி

ரொட்டியை எடுத்துக் கோழிக்குப் போடப் போனேன். மிம்மா ஓடி வந்து பிடுங்கினாள்.

"கோழிக்குப் போடுற ரொட்டியாயா இது? மந்திரிச்ச ரொட்டி!"

"உள்ள ஒண்ணும் இல்லாத ரொட்டி."

"இருக்கோ இல்லையோ, திருநாள் வரைக்கும் அது இருந்த இடத்துல இருக்கும். தொட்ட, தெரியும் சேதி."

முகமெல்லாம் சிவந்துவிட்டது. ஒரு ரொட்டிக்கு இவ்வளவு ஆவேசமா? என் தோல்விக்குக் காவல் காக்கிறாள் என் பெண்டாட்டி. அவள் குடும்பமே அப்படித்தான். அதில் வந்தவன்தானே அவனும்.

ஏப்ரல் 7, சனி

ஒத்திகை. சாரோ ஓடுகிற அழகைப் பார்க்க வேண்டும். பேதுருவின் தலை இடதும் வலதுமாக ஆடுகிறது, சாவி போய்த் தாடியில் இடிக்கிறது. ஒரு தடவை ஓடியதும் வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினான். இரண்டாவது ஓட்டத்துக்குப் பிறகு போதும் என்றான்.

"மூணாவது?" என்றார் ஜெலார்தோ.

"அன்னிக்கு ஓடிக்கலாம்."

மூன்று ஓட்டமும் முடிகிறவரை பேதுருவின் சட்டம் தரையில் படக் கூடாது. பட்டால் போர்வை விழாது, மணி அடிக்காது, அந்த வருஷம் முழுக்க என்ன கெட்டது நடந்தாலும், கோதுமை கருகினாலும் கன்றுக்குட்டி செத்தாலும், சுமந்தவன் தலையில்தான் விழும். இதெல்லாம் அவனுக்கு ஞாபகம் இருக்கிறதா? கடைசி இடத்தில் கோடாலியோடு நின்று, பார்ப்பதற்காக அங்கியில் விட்டிருக்கும் மார்புக் கீறல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். விழட்டும் என்றா நினைத்தேன்? ஆமாம். ஒரு நிமிஷம் நினைத்தேன்.

ஏப்ரல் 13, வெள்ளி

படித்தேன். கோயில் நிறையக் கூட்டம்.

முதல் பாதி நன்றாகத்தான் இருந்தது. கூப்பிடாமலே கூட நடந்தவர் என்று படித்தபோது முன்வரிசையில் வன்னி தலையாட்டினார். அப்புறம், எழுதியதை விட்டுவிட்டு வாய் தானாகப் போயிற்று. "அன்னிக்குச் சீட்டுல நிக்கிறதுக்கு ஒரு தகுதி வேணும்னு பேதுருவே சொல்லிருக்காரு. கூடவே இருந்திருக்கணும். மழையிலும் இருந்திருக்கணும், வெயில்லயும் இருந்திருக்கணும். பத்தொம்பது வருஷம் எங்கயோ இருந்துட்டு வந்து கையைத் தூக்குறவங்க அன்னிக்கு இல்ல."

சாரோ எழுந்து வெளியே போனான். சாமியார் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்குக் கல்லால் அடித்திருக்கலாம்.

வீட்டில் மிம்மா சூப்பை மேசையில் வைத்துவிட்டுச் சாப்பிடாமலே போய்ப் படுத்துவிட்டாள்.

நான் சொன்னதில் பொய் உண்டா? ஒரு வார்த்தை பொய் உண்டா?

ஏப்ரல் 14, சனி

பள்ளிக்கூடத்தில் சாரத்தின்மேல் நின்று விதானம் பூசிக்கொண்டிருந்தேன். கீழே சாரோ வந்து நின்றான். சண்டைக்கு வந்திருக்கிறான் என்று பூச்சுக் கரண்டியை இறுக்கிப் பிடித்தேன்.

"இறங்கி வாடா."

"சொல்லு, கேக்குது."

"ஜெர்மனியில திருநாளுக்கு லீவு கேட்டா வேற வேலை பாத்துக்கன்னுவான். பெயிண்ட் அடிக்கிற பிரிவு, திருநாளன்னிக்கும் நிறுத்த மாட்டான். பதினோரு மணி ஆச்சுன்னா கையில கட்டுன வாட்சைப் பாப்பேன். இப்ப சதுக்கத்துக்கு வந்திருப்பாங்க. பதினொண்ணே கால், முதல் ஓட்டம். பதினொண்ணரை, ரெண்டாவது. மூணாவதுக்கு மெஷின் பக்கத்துல நின்னு சிலுவை போட்டுக்குவேன். பக்கத்துல ஒரு துருக்கிக்காரன், என்னடா இதுன்னு சிரிப்பான். பத்தொம்பது வருஷம், ஒரு வருஷம் விடாம. நான் கூட இல்லன்னு உனக்கு எவன்டா சொன்னது?"

சுண்ணாம்புத் தூசி ஏறி அவனுக்கு இருமல் வந்துவிட்டது. குனிந்து, முழங்காலில் கையை ஊன்றி, கண்ணில் நீர் வரும்வரை இருமினான்.

"டாக்டரைப் பாத்தியா?"

"பாத்தேன். இந்த ஒரு தடவை. அப்புறம் எவன் வேணும்னாலும் தூக்கிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

விதானத்தில் ஒரு மூலையை இரண்டு தடவை பூசியிருக்கிறேன். மத்தியானம்தான் கவனித்தேன்.

ஏப்ரல் 18, புதன்

சாரோவிடம் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்கவில்லை. கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை, அதுதான் எரிச்சல். அவன்மேல் பாதி, மொச்சைமேல் பாதி. இல்லை, என்மேல்தான் முக்கால்வாசி.

அந்த இன்னொருத்தனைப் பற்றித்தான் இரண்டு நாளாக நினைக்கிறேன். யோசேப்பு, பர்சபா, யுஸ்து. மூன்று பெயர் இருந்தும் சீட்டு விழவில்லை. மறுநாள் காலையில் அவன் என்ன செய்தான்? யாரிடமாவது கத்தினானா? அவனுக்கும் ஒரு பெண்டாட்டி இருந்தாளா? மூன்று வருஷம் கூட நடந்தவன், நேற்றுவரை என்ன செய்துகொண்டிருந்தானோ அதையே செய்யப் போயிருப்பான். யாருக்காவது தண்ணீர் எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்திருக்கும். பதினோரு பேரும் மத்தியாவுமாகப் பேசிக்கொண்டிருந்தபோது யாரோ ஒருவர் கதவைத் திறந்து மூடியிருக்க வேண்டுமே.

அவன் நல்லவன். நான் நல்லவன் இல்லை.

ஏப்ரல் 22, உயிர்ப்பு ஞாயிறு

தோளைத் தூக்க முடியவில்லை. நாளைக்கு எழுதுகிறேன்.

ஏப்ரல் 23, திங்கள்

உயிர்ப்புக்கு மறுநாள் வழக்கம்போல் ஊர் முழுக்க வயலில் உட்கார்ந்து இறைச்சி சுட்டுக்கொண்டிருக்கிறது. நான் தோளுக்கு மருந்து தடவிக்கொண்டு வீட்டில் இருக்கிறேன்.

முதல் ஓட்டம் நன்றாகவே ஓடினான். இரண்டாவதில் தலை ஆடியது, ஆனாலும் போய்ச் சேர்ந்தான். மூன்றாவது. ஆண்டவர் சிலையிலிருந்து புறப்பட்டு, நாங்கள் நின்ற வரிசையைத் தாண்டுகிற இடத்தில், எனக்கு நேர் எதிரே, பேதுரு நின்றுவிட்டார். மேளக்காரர்கள் இன்னும் அடிக்கிறார்கள். சனம் "ஓடு, ஓடு" என்கிறது. நான் மார்புக் கீறல் வழியாகப் பார்க்கிறேன். அங்கிக்குக் கீழே தெரிகிற கால் இரண்டும் மடங்குகிறது. சட்டத்துக்கும் தரைக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை.

நான் யோசித்தேன் என்று சொன்னால் பொய். மத்தியாவை மருந்துக்கடைச் சுவரில் சாய்த்தேன். அவரை எங்கே வைத்தாலும் யாரும் கேட்கப் போவதில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் அது முதல் தடவையாக வசதியாகப் போயிற்று. நாலு எட்டில் போய், பேதுருவின் அங்கியைத் தூக்கி உள்ளே புகுந்தேன்.

உள்ளே கும்மிருட்டு. வியர்வை நாற்றம். அவன் மூச்சு விசில் மாதிரி வருகிறது.

"யாரு?"

"கசாப்புக்கடைக்காரன்."

"முடியலடா மச்சான். கீழ வச்சிடுறேன்."

"வச்ச, கொன்னுடுவேன். குறுக்குக் கட்டையை என் தோளுக்குத் தள்ளு. வழி உனக்குத்தான் தெரியும், நீ சொல்லு."

"நேரா. படி வருது. இடது கால்... இடது காலுடா, எருமை!"

எருமை என்று அவன் கூப்பிட்டுப் பத்தொன்பது வருஷம் ஆகிறது. ஓடினோம். பாரம் என்மேல், கண் அவனுடையது. அவன் மோவாய் குனிந்த என் முதுகில் இடித்துக்கொண்டே வந்தது. எனக்கு மாதாவும் தெரியவில்லை, ஆண்டவரும் தெரியவில்லை, அவன் செருப்பு மட்டும் தெரிந்தது. திடீரென்று மணி அடித்தது. போர்வை விழுந்துவிட்டது என்று அதை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன். பேதுருவைச் சுமக்க வேண்டும் என்று இத்தனை வருஷம் கிடந்து தவித்தேன். சுமந்தபோது ஒன்றையும் பார்க்கவில்லை.

வெளியே பிள்ளைகள் "பேதுருவுக்கு நாலு கால்! பேதுருவுக்கு நாலு கால்!" என்று கத்துகிறார்கள். உள்ளே அவன் அழுதான். நானும் அழுதேன். வெள்ளிக்கிழமை சொன்னதுக்கு மன்னிச்சுக்கடா என்றேன். இருமலில் காதில் விழுந்ததோ இல்லையோ தெரியாது.

மத்தியாவைத் தேடிப் போனேன். சாய்த்த இடத்திலேயே சமர்த்தாக நின்றார். யாரோ தங்கள் கோட்டைக் கழற்றி அவர் கோடாலியில் மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.

ஏப்ரல் 24, செவ்வாய்

ரொட்டியை நான் மறந்தே போனேன். மிம்மாதான் காலையில் இறக்கி மேசைமேல் வைத்தாள். அஞ்சு வாரத்தில் கல்லாகிவிட்டது. கையால் முடியவில்லை, கத்தியாலும் முடியவில்லை. பூச்சுவேலைச் சுத்தியலை எடுத்து வந்து ஒரு போடு போட்டேன்.

உள்ளே ஒரு மொச்சை.

அதை எடுத்து உள்ளங்கையில் வைத்தேன். பிறகு அவளைப் பார்த்தேன். அவள் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள், ஏற்கனவே துடைத்த மேசையை.

"மிம்மா."

"அன்னிக்கு மாவு பிசையும்போது தோரினோவுலேர்ந்து நம்ம பையன் போன் பண்ணினான். பேசிட்டு வந்தா, போட்டேனா போடலையான்னு சந்தேகம். ரெண்டுலயும் இல்லாமப் போயிட்டா சாமியார் முன்னாடி மானம் போயிடுமேன்னு இன்னொண்ணு போட்டேன். எதுல போட்டேன்னு தெரியல. ஒரே ரொட்டியில ரெண்டும் இருந்தாலும் இருக்கும்னு நெனச்சுக்கிட்டேன். சாரோ ரொட்டியிலேர்ந்து ஒண்ணுதான் விழுந்துச்சு."

"அப்பவே உனக்குத் தெரிஞ்சிருக்கு."

"தெரிஞ்சுச்சு."

"அஞ்சு வாரம்! ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல? மறுபடி பிய்ச்சிருப்போம்ல?"

"மறுபடி பிய்ச்சு உனக்கு விழுந்திருந்தா, என் அண்ணன் மனசு ஒடிஞ்சு சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னிருப்பான். அவனுக்கே விழுந்திருந்தா நீ இந்த வீட்டை இடிச்சிருப்ப. நான் யார் பக்கம்யா நிப்பேன்? சொல்லு."

சுத்தியலைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டேன். மூத்தவன் முதலில் எடுப்பான் என்ற வழக்கம் இல்லையென்றால், அன்று நான் பிய்த்திருந்தால், எனக்கும் விழுந்திருக்கும். நாலு மாதம் முந்திப் பிறந்திருந்தால் போதும். இதை நினைத்து நினைத்து இன்று முழுக்க ஒரு சுவரும் பூசவில்லை.

மொச்சை சட்டைப் பையில் இருக்கிறது. ஞாயிறு சாயங்காலமே சாரோவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள், வரட்டும். அவன் மூக்குக்கு நேரே நீட்டிக் காட்டத்தான் போகிறேன்.

மே 4, வெள்ளி

சாரோ வந்துவிட்டான். நுரையீரலுக்கு மாத்திரை, ஓட்டம் கூடாது, தூக்கக் கூடாது. பார்க்கப் போனேன். பையில் மொச்சை இருந்தது. அவன் அந்தத் துருக்கிக்காரனுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தான், மூணாவது ஓட்டத்தைத் தானே ஓடியதாக. "ஒரு கால்தான் உன்னோடதுன்னு எழுதட்டுமா?" என்று கேட்டான்.

காட்டவில்லை. இன்னொரு நாள் காட்டலாம்.

மே 14, திங்கள்

இன்று மத்தியா திருநாள். யாருக்குத் தெரியும்? காலைப் பூசையில் நான், மிம்மா, சாரோ, தூங்கிக்கொண்டிருந்த மணியடிப்பவர். சாமியார் பிரசங்கம்கூட வைக்கவில்லை.

மத்தியானம் சாரோ எங்கள் வீட்டில் சாப்பிட்டான். புது மொச்சை வந்துவிட்டதென்று மிம்மா பழையதையெல்லாம் நேற்று ஊறப் போட்டாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். பையில் இருந்ததை எடுத்தேன், கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தேன், பாத்திரத்தில் போட்டேன். தண்ணீரில் எது எதுவென்று தெரியாமல் போயிற்று. மிம்மா பார்த்தாள்.

மொச்சைச் சூப், வெங்காயம், ஆலிவ் எண்ணெய். சாரோ இரண்டாவது தட்டில் இருந்தான்.

"அடுத்த வருஷம் பேதுரு உனக்குத்தான். ஜெலார்தோகிட்ட சொல்லிட்டேன்" என்றான்.

"மத்தியாவை யாரு தூக்குறது?"

"எவனாவது."

"எவன்கிட்டயும் குடுக்க மாட்டேன். போய்ச் சொல்லு."

"பைத்தியமாடா நீ? இதுக்குத்தானே குதிச்ச?" என்று சிரித்துக்கொண்டே அடுத்த கரண்டியை வாயில் போட்டவன், முகத்தைச் சுளித்தான். "மிம்மா, இது ஒண்ணு மட்டும் வேகவே இல்ல. கல்லு மாதிரி இருக்கு."

மிம்மா என்னைப் பார்த்தாள்.

"மென்னு முழுங்குடா" என்றேன்.

மென்று விழுங்கினான். இரண்டு மொச்சையும் அவனுக்கே போயிற்று. மிம்மாவுக்குச் சிரிப்பு தாங்காமல் பானையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் என் தட்டை நீட்டியபடி உட்கார்ந்திருந்தேன்.